பழைய பாணி கிடாரும் ஐம்பதாயிரம் ரூபாயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழில் பழைய பாணி எலெக்ட்ரிக் கிடார்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்கிற ஃபெண்டர் கம்பெனிக் கிடாருக்கு முழுப் பக்கம் ஒதுக்குவார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் ஒரு யோசனை சொல்கிறார் பாருங்கள், காசு போதவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று வருடம் சேர்த்து வைத்தாவது அசலுக்கு எது ரொம்ப நெருக்கமோ அந்த ரீஇஷ்யூவையே, அதாவது பழைய மாடலைப் பார்த்துக் கம்பெனியே மறுபடி செய்யும் கிடாரையே, வாங்க வேண்டும், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குறைந்த பணத்தில் வாங்குகிறவருக்கு, அதுவும் மும்பையில் இருக்கிறவருக்கு, அசலோடு அச்சு அசலாக ஒத்துப்போகாத ரீஇஷ்யூதான் நல்ல கிடார் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வளர்ந்தது சயான் கோலிவாடாவில். பிழைப்பு வேறு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவோடு கிடார் வாசிக்கிறேன். தாராவி, செம்பூர், மாட்டுங்கா பக்கத்துப் பிள்ளைகள் முதல் சம்பளம் வாங்கியதும் கிடார் வாங்கக் கிளம்பும்போது "அண்ணே, கூட வாங்களேன்" என்று கூப்பிடுவார்கள், நானும் கிடார் கடைகள் இருக்கும் தோபி தலாவுக்கோ பாந்த்ராவுக்கோ போய்விட்டு வருவேன். அவர்கள் கையில் இருக்கும் பணம் பெரும்பாலும் நாற்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் நடுவில். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த 'விளையாட்டுச் சாமான்' விஷயம். ரீஇஷ்யூ என்கிற வியாபாரமே எப்படி வந்தது? லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த மனிதர், கிடார் வாசிக்கத் தெரியாதவர். அவர் 1950ல் ஆரம்பித்து 1951ல் டெலிகாஸ்டர் என்று பெயர் நிலைத்த கிடாரையும், 1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் கொண்டுவந்தார். 1965 ஜனவரியில் கம்பெனி 130 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் என்கிற அமெரிக்க ஒலிபரப்புக் கம்பெனி கைக்குப் போனது. எழுபதுகளில் தரம் இறங்கிவிட்டது என்று வாசிக்கிறவர்கள் பழைய கிடார்களைத் தேட ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜப்பானில் டோக்காய், கிரெக்கோ மாதிரி கம்பெனிகள் ஐம்பதுகளின் கிடார்களை அளவெடுத்துச் செய்து விற்றார்கள், அதுவும் அமெரிக்கக் கம்பெனிகள் அப்போது செய்துகொண்டிருந்ததைவிட நன்றாக. இதற்குப் பதிலாகத்தான் 1982ல் ஃபெண்டர் இரண்டு வேலை பார்த்தது. அமெரிக்காவில் 1952 டெலி (டெலிகாஸ்டர்), 1957, 1962 ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) என்று ரீஇஷ்யூக்களை அறிவித்தது. ஜப்பானில் ஃபெண்டர் ஜப்பான் என்று ஒரு கூட்டுக் கம்பெனி ஆரம்பித்து, ஃபுஜிஜென் ஆலையில் கிடார் செய்ய வைத்து, ஐரோப்பாவுக்குக் குறைந்த விலையில் அனுப்புவதற்கு ஸ்குவயர் என்ற பெயரைப் போட்டது. ஜேவி என்று ஆரம்பிக்கும் வரிசை எண் உள்ள அந்த ஸ்குவயர்களை இன்றைக்கு உலகம் முழுக்கத் தேடித்தேடி வாங்குகிறார்கள். அன்றைக்கு அது பட்ஜெட் கிடார்! கட்டுரையாளர் 1982ல் எழுதியிருந்தால் அதையும் விளையாட்டுச் சாமான் என்றுதான் ஒதுக்கியிருப்பார்.

ஸ்குவயர் ஒரு சீனக் கம்பெனி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார், அதையும் திருத்திவிடுகிறேன். வி.சி. ஸ்குவயர் மிச்சிகனில் கிடார் கம்பியும் வயலின் கம்பியும் செய்த பழைய நிறுவனம், 1965ல் ஃபெண்டர் அதை வாங்கியது. இன்றைக்கு அந்தப் பெயரில் வருகிற கிடார்கள் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன என்பது வேறு விஷயம்.

இனி கிடாருக்கு வருவோம். ரீஇஷ்யூ வாங்கப் போகிற பிள்ளைகள் முதலில் பார்ப்பது நிறம், அப்புறம் ஆண்டு. ஐம்பதுகள் மாடலா, அறுபதுகள் மாடலா, மேப்பிள் ஃப்ரெட்போர்டா (கழுத்தின் மேல் விரல் வைத்து அழுத்தும் பலகை, அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்), கறுப்பு ஃப்ரெட்போர்டா. நான் பார்க்கச் சொல்வது கழுத்து. அதிலும் ஃப்ரெட்போர்டின் குறுக்கு வளைவு, அதாவது ரேடியஸ்.

பழைய ஃபெண்டர்களில் இது 7.25 அங்குலம். ஒரு 7.25 அங்குல ஆரம் உள்ள வட்டத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், நல்ல உருண்டையான மேற்பரப்பு. இன்றைய பெரும்பாலான ஃபெண்டர்களில் 9.5 அங்குலம், கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் வகையில் 12 அங்குலம், எண் கூடக் கூடப் பலகை தட்டையாகும். ஐம்பதுகளில் கனமான கம்பி போட்டார்கள், மூன்றாவது கம்பி கூடச் சுற்றுக் கம்பியாக இருக்கும், அதை யாரும் வளைக்கப் போவதில்லை. கார்டு பிடித்து வாசிக்க உருண்டையான பலகை கைக்குச் சுகம், அது உண்மைதான், முதல் நான்கு ஃப்ரெட்டுக்குள் 7.25 மாதிரி சுகம் வேறெதிலும் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் வாசிப்பது என்ன? சினிமாப் பாட்டில் கமகம் வேண்டும், கீர்த்தனையில் ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். மெல்லிய 9 நம்பர் கம்பியைப் போட்டு, ஆக்ஷனை, அதாவது பலகைக்கு மேலே கம்பி நிற்கும் உயரத்தை, இறக்கி வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே முதல் கம்பியை முழு ஸ்வரம் வளைத்தால், கம்பி பலகையின் நடுமேட்டை நோக்கி நகர்ந்து மேலே உள்ள ஏதோ ஒரு ஃப்ரெட்டில் இடித்து, சத்தம் செத்துப்போகும். அதைத் தவிர்க்க ஆக்ஷனைத் தூக்க வேண்டும், தூக்கினால் விரல் வலிக்கும். அசலுக்கு விசுவாசமாக இருப்பதன் விலை இது.

இங்கேதான் வேடிக்கை. ஸ்குவயரின் கிளாசிக் வைப் வரிசை 2008ல் வந்தது. பார்ப்பதற்கு ஐம்பதுகள், அறுபதுகள் கிடார், மஞ்சள் பூச்சு போட்ட கழுத்து, பழைய மாதிரி டியூனர், எல்லாம் சரி. ஆனால் ரேடியஸ் 9.5. அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ள, மெக்சிகோவில் செய்யப்படும் ஃபெண்டரின் விண்டேரா வரிசையில், ஐம்பதுகள் அறுபதுகள் மாடல்களில், 7.25. அதாவது அதிகப் பணம் கொடுத்தால் கிடைப்பது அதிகச் சுகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதிக அசல்தன்மை கிடைக்கிறது, அசலின் தொல்லையும் சேர்ந்தே வருகிறது. ஃபெண்டருக்கே இது தெரியும். 2018ல் அவர்கள் விட்ட அமெரிக்கன் ஒரிஜினல் வரிசையில் பழைய தோற்றத்தை வைத்துக்கொண்டு ரேடியஸை மட்டும் 9.5 ஆக்கினார்கள், அப்புறம் 2022ல் அமெரிக்கன் விண்டேஜ் 2 என்று வந்தபோது திரும்ப 7.25க்குப் போனார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்களிலும் இரண்டு கூட்டம் இருக்கிறது போல.

ஸ்விட்ச் இன்னொரு உதாரணம். 1977 வரை ஸ்ட்ராட்டில், எந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க, மூன்று நிலை ஸ்விட்ச்தான். இரண்டு நிலைக்கு நடுவில் அதை ஒட்டவைத்தால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒரு இனிமையான சத்தம் வரும் என்று வாசிக்கிறவர்கள் கண்டுபிடித்து, தீக்குச்சியும் கையுமாக அலைந்த பிறகே கம்பெனி ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டது. அச்சு அசல் வேண்டும் என்கிறவருக்கு மூன்று நிலை. சபையில் நிறுத்தாமல் ஏழு பாட்டு வாசிக்கிறவருக்கு?

சரி, மும்பைக்கு வருகிறேன், கட்டுரையில் இந்த விஷயம் வரவே இல்லை. ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது, அலமாரியில் வைத்த தோல் செருப்பு பூசணம் பூக்கிற ஊர் இது. மரம் ஈரத்தைக் குடிக்கும், கழுத்து நகரும். மே மாதம் அழகாக வாசித்த கிடார் ஜூலையில் எங்கேயோ ஒரு ஃப்ரெட்டில் கரகரக்கும். கிடார் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, டிரஸ் ராடை, கால் சுற்றோ அதற்கும் குறைவாகவோ திருப்பினால் சரியாகிவிடும். கேள்வி என்னவென்றால், அந்தத் திருகு எங்கே இருக்கிறது?

அசல் பாணியில் அது கழுத்தின் அடியில், உடம்போடு சேரும் இடத்துக்குள் ஒளிந்திருக்கும். கம்பியைத் தளர்த்தி, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, கழுத்தை வெளியே எடுத்து, திருகி, திரும்பப் பூட்டி, டியூன் செய்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும். மறுபடியும் முதலிலிருந்து. விண்டேராவின் ஐம்பது அறுபது மாடல்களில் இதே ஏற்பாடுதான். கிளாசிக் வைப்பில் தலைப்பக்கம், நட்டுக்கு (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் படியும் பள்ளமிட்ட துண்டுக்கு) மேலே ஓட்டை, ஆலன் கீயை விட்டுத் திருகினால் முடிந்தது. வருடத்துக்கு இரண்டு முறை, மழை பிடிக்கும்போதும் விட்ட பிறகும், செய்ய வேண்டிய வேலை இது. பார்வைக்குத் தலையில் ஓட்டை இருப்பது அசிங்கம் என்று கட்டுரையாளர் சொல்கிறார். இருக்கட்டுமே.

பூச்சும் இப்படித்தான். ஐம்பதுகளில் போட்ட நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு மெல்லியது, வருடம் போகப்போக மஞ்சளாகும், வெடிப்பு விடும், அது அழகு என்று ஒரு ரசனை. ரப்பர் பூண் போட்ட ஸ்டாண்டில் மாட்டி வைத்தால் அந்த அரக்கு ரப்பரோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். நம் வியர்வைக்கும் இந்த ஊர் புழுக்கத்துக்கும் அது பிசுபிசுக்கும். விலை குறைந்த ரீஇஷ்யூக்களில் இருக்கும் பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சு எதற்கும் அசையாது, ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போகலாம். பூச்சு தடிமனாக இருந்தால் மரம் மூச்சுவிடாது, சத்தம் வராது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆம்ப்பில் (கிடாரின் ஒலிபெருக்கியில்) பாதி வால்யூமுக்கு மேல் வைத்தால் எனக்கு அந்த வித்தியாசம் கேட்பதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

துரு ஒன்றுதான் எல்லா விலையிலும் சமமாகப் படுத்தும். ஸ்ட்ராட்டின் பழைய பாணி பிரிட்ஜில், அதாவது கம்பிகள் உடம்பில் வந்து தங்கும் இடத்தில், ஒவ்வொரு கம்பிக்கும் வளைத்த தகட்டால் ஆன சாடில் என்ற தாங்கி, அதில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பொடிப்பொடியான திருகுகள். கடல் காற்றும் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்து ஒரே வருடத்தில் அவற்றை இறுக்கிவிடும், அப்புறம் ஆலன் கீயைப் போட்டால் திருகின் தலை மழுங்கும். வாங்கிய அன்றே ஒவ்வொரு திருகையும் வெளியே எடுத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தொட்டுப் போட்டுவிடுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியையும் பிரிட்ஜையும் துடைத்துவிட்டு உறையில் வையுங்கள்.

லெஸ் பால் ஆசைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த ஆசை நம் பிள்ளைகளிடம் ரொம்பவே இருக்கிறது. கிப்சன் 1952ல் அதைக் கொண்டுவந்தது, 1957ல் ஹம்பக்கர் என்கிற, இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப் வந்தது, 1958லிருந்து 1960 வரை அந்தச் சூரிய நிறப் பூச்சு. அந்த நாளில் சரியாக விற்கவில்லை, 1961ல் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள், பழைய வடிவம் திரும்பி வந்தது 1968ல். அப்படி விற்காமல் கிடந்த கிடார்தான் இன்றைக்கு வீடு விலைக்குப் போகிறது. நமக்கு எட்டுவது எபிஃபோன். அந்தக் கம்பெனியை கிப்சனின் முதலாளிகள் 1957ல் வாங்கினார்கள், இப்போது லெஸ் பாலின் குறைந்த விலைப் பதிப்புகள் அந்தப் பெயரில் வருகின்றன. 2020க்குப் பிறகு வந்த எபிஃபோன் ஐம்பதுகள் மாடல் உண்மையிலேயே நல்ல கிடார், 12 அங்குல ரேடியஸில் கமகம் வழுக்கிக்கொண்டு வரும், ஹம்பக்கர் என்பதால் இரைச்சல் கிடையாது. நான் கடைசியாக விசாரித்தபோது கிளாசிக் வைப்பைவிடப் பத்துப் பதினைந்தாயிரம் கூட இருந்தது.

ஆனால் நீங்கள் லோக்கல் ரயிலில் போகிறவரா? லெஸ் பாலின் தலை பின்பக்கமாகச் சாய்ந்தது, கழுத்து மஹாகனி, டிரஸ் ராட் திருகுக்காக அந்த இடத்தில் மரத்தைக் குடைந்திருப்பார்கள். மெத்தைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு தாதரில் மாலை ஆறரை மணிக் கூட்டத்தில் இறங்கிப் பாருங்கள். கதவுக் கம்பியில் ஒரு இடி, அல்லது ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க ஒரு விழுதல், தலை முறிந்துவிடும். இந்த வடிவக் கிடார்களுக்கு இது பேர்போன வியாதி. உடைந்தால் ஒட்டலாம், நன்றாகவே ஒட்டலாம், ஆனால் ஒட்டியதை விற்கப்போனால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். ஃபெண்டர் வகையில் தலை நேராக இருக்கும், மேப்பிள் கட்டியான மரம், கழுத்து நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது, மோசமாகப் போனால் வேறு கழுத்து மாட்டிக்கொள்ளலாம். லியோ ஃபெண்டர் அப்படி வடிவமைத்ததே சீக்கிரம் பழுது பார்ப்பதற்காகத்தான். லெஸ் பாலேதான் வேண்டும் என்றால் கெட்டியான பெட்டிக்கும் பணம் ஒதுக்குங்கள், பெட்டியோடு சேர்த்தால் லக்கேஜ் டப்பாவில்தான் ஏற முடியும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப்பின் இரைச்சலை மறைக்க மாட்டேன். ஸ்ட்ராட், டெலி இரண்டிலும் அது உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ஊங்காரம் அப்படியே பிக்கப்பில் ஏறும். பழைய சோக் போட்ட டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், எர்த் இல்லாத பிளக் பாயின்ட், இந்த மூன்றும் இல்லாத சபை மண்டபத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஜெபம் நடக்கும்போது வால்யூமை முழுக்க மூடிவிட வேண்டும், இல்லையென்றால் சபைப் போதகர் ஐயர் திரும்பிப் பார்ப்பார். நின்ற இடத்திலேயே கொஞ்சம் திரும்பி நின்றால் இரைச்சல் பாதியாகும் ஒரு திசை இருக்கும், அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்புத் தாள் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். எர்த் இல்லாத இடத்தில் வாசிப்பதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கம்பியைத் தொட்ட கையோடு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும், சில நேரம் ஆபத்தாகவும் அடிக்கும்.

ஃப்ரெட்போர்டு மரத்தைப் பற்றிக் கட்டுரையாளர் ரோஸ்வுட் இருந்தால்தான் அறுபதுகள், மற்றது ஏமாற்று என்கிற மாதிரி எழுதியிருந்தார். 1959ல் ஃபெண்டர் ரோஸ்வுட்டுக்கு மாறியபோது போட்டது பிரேசில் மரம், அறுபதுகளின் நடுவில் இந்திய ரோஸ்வுட் வந்தது, அதாவது நம் ஊர் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம், நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வது, அதைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1994ல் தனிச் சட்டமே போட்டார்கள். 2017 ஜனவரியில் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததால் கிடார் கம்பெனிகள் வேறு மரம் தேடின, மெக்சிகோ ஃபெண்டர்களில் பாவ் ஃபெரோ வந்தது, ஸ்குவயரிலும் எபிஃபோனிலும் இந்திய லாரல் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் லாரல் நிலைத்துவிட்டது. இந்த லாரல் வேறு யாருமில்லை, நம்ம கருமருதுதான்! பார்க்கக் கொஞ்சம் வெளிறி வறண்டிருக்கும், எலுமிச்சை எண்ணெய் தடவினால் கறுத்துவிடும். சத்தத்துக்காக இதை ஒதுக்குவதில் அர்த்தமே இல்லை.

அப்போது எதை வாங்குவது? ஐம்பதாயிரம் ரூபாய் பையன் என்னிடம் கேட்டால் நான் காட்டுவது கிளாசிக் வைப் ஐம்பதுகள் டெலி. ட்ரெமோலோ (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் நெம்புகோல்) இல்லை, அதனால் சுருதி நிற்கும், இரண்டு பிக்கப், மூன்று நிலை, எதுவும் கெட்டுப்போக இடமில்லை. பிரிட்ஜில் ஆறு கம்பிக்கு மூன்றே சாடில் என்பதால் சுருதியில் ஒரு மயிரிழை சமரசம் இருக்கும், பதினைந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே கார்டு பிடிக்கிறவர்களுக்கு மட்டும் அது காதில் படும். சினிமாப் பாட்டு நிறைய வாசிக்கிறவர், பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாற வேண்டும் என்கிறவர், அதே வரிசையில் அறுபதுகள் ஸ்ட்ராட். வந்த புதிதில் ட்ரெமோலோவின் பின்பக்க ஸ்ப்ரிங்கை இறுக்கி, பிரிட்ஜை உடம்போடு படியவைத்துவிடச் சொல்வேன், பழகிய பிறகு விடுவித்துக்கொள்ளலாம். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ்மாஸ்டர் பார்க்க அழகு, ஆனால் பழைய மாதிரி பிரிட்ஜ் மெல்லிய கம்பியோடு கடகடக்கும், அதோடு மல்லுக்கட்டப் பொறுமை இருப்பவர் வாங்கட்டும். பழைய தோற்றமே முக்கியமில்லை என்று சொல்லிவிட்டால் யமஹா பசிஃபிகா 112 இன்னும் குறைந்த காசில் எல்லா வேலையும் செய்யும், ஆனால் அந்தப் பிள்ளையிடம் அதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. ஆசைப்பட்ட வடிவம் வீட்டில் இருந்தால்தான் தினமும் கையில் எடுப்பார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஐம்பதாயிரமும் கிடாருக்கே போய்விடக் கூடாது என்பது இன்னொன்று. ஒரு சின்ன ஆம்ப், ஹெட்போன் சொருகுகிற மாதிரி, ஏனென்றால் நம் கட்டடங்களில் பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்றுதான். அப்புறம் ஒரு நல்ல செட்டப், அதாவது கழுத்து, கம்பி உயரம், சுருதி எல்லாவற்றையும் சரிசெய்து வாங்குவது, புதுக் கம்பியோடு சேர்த்து ஓரிரண்டு ஆயிரம். பெட்டியிலிருந்து நேரே வரும் கிடார் எந்த விலையாக இருந்தாலும் பெரும்பாலும் நட்டில் பள்ளம் ஆழமில்லாமல், ஆக்ஷன் உயர்ந்துதான் இருக்கும். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு வாங்கி செட்டப் செய்யாமல் விட்ட கிடாரைவிட, நாற்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கி ஒழுங்காக செட்டப் செய்த கிடார் நன்றாக வாசிக்கும். பந்தயமே கட்டுவேன்.

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு. முதலில் ஆம்ப்பில் சொருகாமல் வாசியுங்கள், ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கேளுங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி போதும், கம்பி படிந்தே கிடந்தாலோ பெரிய பள்ளம் தெரிந்தாலோ டிரஸ் ராட் வேலை இருக்கிறது. தலைப்பக்கமிருந்து கண்ணை வைத்துக் கழுத்து முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள், வளைவைச் சரிசெய்யலாம், முறுக்கை ஒன்றும் செய்ய முடியாது. முதல் கம்பியை மேலே வளைத்துச் சத்தம் சாகிறதா பாருங்கள். விரலை ஃப்ரெட்போர்டின் ஓரமாக ஓடவிட்டால் ஃப்ரெட் முனை குத்தக் கூடாது. சொருகிய பிறகு வால்யூம், டோன் குமிழ்களைத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். ஒரே மாடலில் மூன்று கிடார் இருந்தால் மூன்றையும் எடுத்துப் பாருங்கள், நிறம் பிடிக்காத கிடாரின் கழுத்து கைக்குப் பிடித்திருந்தால் அதையே வாங்குங்கள். சில கடைகளில் சொருகிப் பார்க்க விடமாட்டோம், வாங்கினால்தான் கவரைப் பிரிப்போம் என்பார்கள். வெளியே வந்துவிட வேண்டியதுதான், இந்த ஊரில் வேறு கடையா இல்லை?

செகண்ட் ஹேண்டில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அசல் கிப்சன் என்று இருபத்தைந்தாயிரத்துக்குக் காட்டினால் அது போலி, யோசிக்கவே வேண்டாம். தலையில் இருக்கும் டிரஸ் ராட் மூடியில் கிப்சனுக்கு இரண்டு ஸ்க்ரூ, போலிகளில் மூன்று இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஃபெண்டர் என்று எழுதியிருப்பது வெறும் ஸ்டிக்கர், யாரும் ஒட்டலாம், எனவே கழுத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஒரிஜினல் வைத்திருப்பவர் தயங்க மாட்டார்.

கட்டுரையாளர் மேல் எனக்கு வேறு வருத்தம் இல்லை, வரலாற்றுப் பகுதியை அழகாகவே எழுதியிருந்தார். ஆனால் விலையெல்லாம் டாலரில் இருந்தது. 2017 நவம்பரில் இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள், அந்த 18ம் அதற்கு முன் சுங்கமும் கப்பல் செலவும் கடை லாபமும் ஏறி ஒரு கிடார் தோபி தலாவ் அலமாரிக்கு வரும்போது டாலர் கணக்கு செல்லாது. அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், மும்பை, சென்னை கடைகளில் ரூபாய் விலையைக் கேட்டு, ஒவ்வொரு மாடலுக்கும் பக்கத்தில் ரேடியஸ் எவ்வளவு, டிரஸ் ராட் திருகு தலையிலா அடியிலா என்ற இரண்டை மட்டும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். நிறத்தைப் படத்திலேயே பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சயான் கோலிவாடா, மும்பை.